சப்போட்டா மரத்துக்கு எத்தனை ஆண்டு ஓய்வு?

நம் ஊர்ப் பழக்கடைகளில் கூறுகட்டி விற்கும் சப்போட்டாவுக்குப் பிறந்த வீடு தென் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். பழைய ஆஸ்டெக் மக்கள் பேசிய நவாட்ல் மொழியின் ‘ட்சாபோட்ல்’ ஸ்பானியர் வாயில் ‘சப்போத்தே’ ஆகி, கப்பலேறி, நம்மிடம் சப்போட்டாவாக வந்து சேர்ந்தது. நாம் பழத்தோடு நின்றுவிட்டோம். குவாத்தமாலாவின் வடகோடியில் உள்ள பெட்டேன் காட்டில் இந்த மரத்துக்குப் புகழ் சேர்த்தது அதன் பால். பட்டையைக் கீறி வடித்த பாலைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது சிக்லே. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கர்கள் மென்று துப்பிய சூயிங்கத்தின் அடிப்பொருள் அதுதான்.

சிக்லே எடுப்பவரைச் சிக்லெரோ என்பார்கள். மழைக்காலத்தில்தான் பால் ஊறும் என்பதால் மாதக்கணக்கில் காட்டுக்குள்ளேயே முகாம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறியபடியே வெட்டுக்கத்தியால் வளைந்து வளைந்து கீறிக்கொண்டு போவார். பால் அந்த வாய்க்கால்கள் வழியே கீழே கட்டிய பைக்கு இறங்கும். கீறல் ஆழம் மிஞ்சினால் மரம் பட்டுப்போகும். ஒருமுறை கீறிய மரத்தைப் பல ஆண்டுகள் தொடாமல் விட வேண்டும். எந்த மரம் இன்னும் ஆறவில்லை, எது ஆறிவிட்டது என்று வடுவைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்தான் தேர்ந்த சிக்லெரோ. இதற்கு வகுப்பறையோ பாடநூலோ இருந்ததில்லை. அப்பாவோடும் மாமனோடும் முகாமுக்குப் போன பையன்கள் கண்பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பட்டுப்போன மரம் அடுத்த பருவத்தில் பால் தராது என்பது போதுமான பாடமாக இருந்தது.

மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினால் அவர்கள் காட்டைக் காப்பார்கள் என்பது சுற்றுச்சூழல் கல்வி பற்றிய வழக்கமான நம்பிக்கை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் ஊர்மக்களே காட்டையும் கடற்கரையையும் காத்து நிற்கும் இடங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நடந்தது பெரும்பாலும் அந்த வரிசையில் இல்லை என்று எனக்குப் படுகிறது. முதலில் உரிமை கைக்கு வந்திருக்கிறது, அல்லது பிடுங்கி எடுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் கற்றாக வேண்டும் என்ற கட்டாயத்தில் கல்வி பின்னால் வந்திருக்கிறது.

பெட்டேனிலேயே இதைப் பார்க்கலாம். 1990இல் குவாத்தமாலா அரசு அங்கே சுமார் 21 லட்சம் ஹெக்டேர் பரப்பை மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான தேசியக் குழுமம், சுருக்கமாகக் கோனாப், உருவாகியிருந்தது. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் அந்தக் கோட்டுக்குள் ஊர்கள் இருப்பதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கார்மெலிட்டா, உவாஷக்தூன் ஆகிய இரண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்லெரோ முகாம்களாகத் தோன்றி ஊர்களாக வளர்ந்தவை. உவாஷக்தூனில் பழைய மாயா நகரத்தின் சிதைவுகள் ஒருபுறம், சிக்லே மூட்டைகளை ஏற்ற விமானம் வந்திறங்கிய புல்வெளி ஓடுபாதை நடுவில், அதன் இருமருங்கும் வீடுகள் என்று அமைப்பே விசித்திரமானது. மூன்று தலைமுறையாகக் காட்டில் பிழைத்தவர்கள் ஒரே சட்டத்தால் காட்டுக்குள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்களுக்குச் ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வு’ கொடுக்க வெளிநாட்டு நிதியோடு தொண்டு நிறுவனங்கள் வந்தன. அதிகாரிகளுக்கும் ஊர்களுக்கும் மோதல் மூண்டது.

இதைத் திருப்பிப்போட்டது ஒரு போரின் முடிவு. 36 ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் சமாதான ஒப்பந்தத்தோடு முடிந்தது. ஊர்மக்களுக்கு நிலமும் வளமும் கிடைக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சுவார்த்தையின் கருக்களில் ஒன்று. முந்தைய ஆண்டே பெட்டேன் ஊர்கள் அக்கோஃபோப் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தன. காப்பகத்தின் மையப்பகுதிகளில் யாரும் எதையும் தொடக் கூடாது. ஆனால் ‘பலபயன் மண்டலம்’ என்று ஒதுக்கிய பகுதியை ஊர்களிடம் 25 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்று முடிவானது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 1994இலேயே தொடங்கி 2002 வரை 12 சமூகக் குத்தகைகள் கையெழுத்தாயின.

குத்தகை என்றால் இஷ்டப்படி வெட்டும் உரிமை என்று நினைத்துவிடக் கூடாது. நிலம் அரசுடையது. ஊர் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட ஒரு பாத்தியில் மட்டுமே வெட்டலாம். அதற்குமுன் அந்தப் பாத்தியில் உள்ள விலைபோகும் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, சுற்றளவு அளந்து, எண் கொடுத்து, வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறைந்தபட்ச விட்டத்துக்குக் கீழுள்ள மரத்தைத் தொடக் கூடாது. நன்றாகக் காய்க்கும் சில பெரிய மரங்களை விதைமரங்களாக விட்டுவைக்க வேண்டும். வெட்டிய பாத்திக்குத் திரும்ப 25 முதல் 40 ஆண்டுகள் ஆகும். ஹெக்டேருக்கு ஓரிரு மரங்கள் விழுந்தாலே அதிகம். போதாததற்கு எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேச வனச்சான்றைக் குறித்த காலத்துக்குள் பெற்றாக வேண்டும். தவறினால் குத்தகை போகும். எழுதப்படிக்கச் சிரமப்படுபவர்கள் நிறைந்த ஊர்களுக்கு இது மலைப்பான வேலை. முதலில் தொண்டு நிறுவனங்களின் பொறியாளர்கள்தான் எல்லாக் காகிதங்களையும் எழுதினார்கள், கணக்கும் அவர்கள் கையில்தான் இருந்தது. மகோகனி விற்ற பணம் வரத் தொடங்கியதும் ஊர்கள் கேட்ட முதல் கேள்வி, இந்தக் காகிதத்தை நாமே ஏன் எழுதக் கூடாது என்பது. 2003இல் குத்தகை ஊர்கள் சேர்ந்து தங்களுக்கென வனச்சேவை நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. சிக்லெரோ வீட்டுப் பிள்ளைகள் மர அளவையும் இருப்பிடங்காட்டிக் கருவியையும் கணக்குப்பதிவையும் கற்றது இந்தத் தேவையின் வழியாகத்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் ஷாத்தே. காட்டு மரநிழலில் வளரும் குட்டைப் பனையினம் அது. அமெரிக்காவில் பூங்கொத்துக்குப் பின்னால் பச்சையாக விரித்து வைப்பதற்கும், குருத்தோலை ஞாயிறன்று தேவாலயங்களில் ஏந்துவதற்கும் அந்த இலை போகிறது. முன்பெல்லாம் இடைத்தரகர் இலையின் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தார். ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினார்கள். புள்ளி விழுந்ததும் கிழிந்ததும் தரம்பிரிக்கும் இடத்தில் குப்பைக்குப் போயின, செடியும் நொந்தது. பிறகு ஊரே கிடங்கு வைத்து, தரம் பிரிப்பதைப் பெண்களிடம் விட்டு, நல்ல இலைக்கு மட்டும் காசு என்று மாற்றியபோது, வெட்டுபவர் செடியின் முன் நின்று ஒரு கணம் யோசிக்கத் தொடங்கினார். நூறு சுவரொட்டிகள் செய்ய முடியாததைக் கூலி கணக்கிடும் முறையில் செய்த ஒரு மாற்றம் செய்துவிட்டது. சுவரொட்டி எழுதுபவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பலன் செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. நெடுநாள் காட்டில் வாழ்ந்த ஊர்களின் குத்தகைப் பகுதிகளில் காடழிப்பு மிகச் சொற்பம். அதே காப்பகத்தில், சட்டப்படி யாரும் கால்வைக்கவே கூடாத லகூனா தெல் டிக்ரே தேசியப் பூங்காவில் பெரும்பரப்பு மேய்ச்சல் நிலமாகிவிட்டது. கால்நடைப் பண்ணையாளர்களும் போதைப்பொருள் கடத்துபவர்களும் அங்கே காட்டை எரித்துப் புல் வளர்த்தார்கள். வெறும் சட்டத்தின் காவலில் விட்ட காட்டைவிட, ஆண்டுதோறும் மரம் வெட்டிய காடு நன்றாக இருக்கிறது. கோடைத் தீப்பருவத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் ரோந்து போகவும் குத்தகை ஊர்களில் ஆள் இருக்கிறது. பூங்காவுக்குக் கோனாப் அனுப்பும் காவலர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.

இத்தோடு நிறுத்தினால் அது விளம்பரம் ஆகிவிடும். கார்மெலிட்டாவுக்குப் போகும் சாலையோரத்தில் இருந்த சில ஊர்களுக்கும் இதே குத்தகை கிடைத்தது. அவை அண்மையில் குடியேறிய உழவர்களின் ஊர்கள். பங்குக்கு வந்த காடும் சிறியது, மகோகனியும் அங்கே குறைவு. அவர்களுக்குத் தெரிந்தது சோளமும் மாடும். வசதியான பண்ணையாளர் வந்து பணத்தை நீட்டியபோது பலர் நிலத்தைக் கைமாற்றினார்கள். சான் மிகேல், லா பசதீத்தா போன்ற குத்தகைகள் பின்னர் ரத்தாயின. உரிமையைக் கொடுத்துவிட்டால் காடு தானாகப் பிழைத்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்தச் சாலை நல்ல மருந்து. உரிமையோடு, காட்டிலிருந்து பிழைக்கத் தெரிந்த பழக்கமும், பிழைக்கப் போதுமான வளமும் சேர்ந்திருக்க வேண்டும்.

சப்போட்டாவின் பெயரைச் சுமக்கும் ஓர் இனமே மெக்சிகோவில் இருக்கிறது. ஓஹாகா மாநிலத்து சப்போட்டெக் மக்களை நவாட்ல் பேசியவர்கள் ‘சப்போட்டா ஊர்க்காரர்கள்’ என்ற பொருளில் அழைத்ததிலிருந்து வந்த பெயர் அது. மெக்சிகோவின் புகழ்பெற்ற அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் 1806இல் பிறந்த கெலத்தாவோ, ஓஹாகாவின் வடமலையில் உள்ள சப்போட்டெக் ஊர்தான். அந்த மலையில் நடந்தது பெட்டேனுக்கு நேர்மாறு. அங்கே நிலம் ஏற்கெனவே ஊருடையது. மெக்சிகோவின் காடுகளில் பாதிக்கும் மேல் ஊர்ப் பொதுச் சொத்தாகவே இருக்கின்றன. புரட்சியும் 1917 அரசியல் சாசனமும் விட்டுச்சென்ற கொடை அது. ஆனால் 1956இல் அரசு அந்த மலையின் மரங்களை டுக்ஸ்டெபெக் காகித ஆலைக்கு 25 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்தது. நிலம் உனது, மரம் ஆலையுடையது. மரத்துக்கான சொற்பத் தொகையும் அரசிடம் உள்ள ஒரு நிதிக்குப் போகும். பள்ளிக்கூடமோ பாதையோ வேண்டுமென்றால் அதிகாரிகளிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

ஆலை தனக்குத் தெரியாமலே ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. மலை இளைஞர்களைத்தான் அது வேலைக்கு வைத்தது. அவர்கள் இயந்திர வாள் பிடிக்கவும், மரத்தைத் தரம்பிரிக்கவும், லாரிக் கணக்குப் பார்க்கவும் கற்றார்கள். ஒரு மரம் ஆலைக்கு எவ்வளவு பெறுமதி, ஊருக்கு எவ்வளவு வருகிறது என்ற கணக்கும் தெரிந்துபோயிற்று. 1960களின் இறுதியில் பல ஊர்கள் ஆலைக்கு மரம் தர மறுத்து ஆண்டுக்கணக்கில் நின்றன. 1980இல் வடமலை ஊர்கள் வளப் பாதுகாப்பு அமைப்பாகத் திரண்டன. குத்தகை முடியும் தறுவாயில், 1982 நவம்பரில், பதவி முடிந்து வெளியேறவிருந்த அதிபர் லோபெஸ் போர்த்திய்யோ அதைக் கால வரையறையே இல்லாமல் நீட்டித்து ஆணையிட்டார். ஊர்கள் நீதிமன்றம் போய் ஜெயித்தன. 1986இல் வந்த புதிய வனச்சட்டம் ஊர்க்காடுகளை வெளியாருக்கு எழுதிக்கொடுக்கும் முறையையே முடித்துவைத்தது. இன்று இஷ்ட்லான் தே ஹுவாரெஸில் மர அறுவை ஆலை, மேசை நாற்காலி தொழிற்கூடம், பெட்ரோல் நிலையம், காட்டுச் சுற்றுலா எல்லாம் ஊருடையவை. 2005 முதல் அங்கே வனவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

அந்த மலையில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய பல்கலைக்கழகம் ஊர்ப்பணி. பள்ளி முடித்த வயதில் ஒரு பையன் முதலில் ‘தோப்பில்’ ஆகிறான்: ஊர்க்கூட்டத்துக்குத் தகவல் சொல்வது, இரவுக் காவல், எடுபிடி. சம்பளம் கிடையாது. ஓராண்டு அந்தப் பணியை முடித்து, சில ஆண்டு இடைவெளிவிட்டு அடுத்த படி. இப்படி ஏறி ஏறித்தான் பொதுநிலக் குழுவின் தலைவர் ஆக முடியும். இதன்கூடத் தெக்கியோ, அதாவது வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூலியில்லாமல் செய்யும் ஊர்வேலை. எல்லைக்கல் சுத்தம் செய்வது, தீக்கோடு வெட்டுவது, நாற்று நடுவது எல்லாம் அதில் அடங்கும். எல்லைக்கல் வரை நடந்துபோன பையனுக்குக் காட்டின் வரைபடம் காலில் ஏறிவிடுகிறது. இந்த வாழ்முறைக்கு 1980களில் மிஹே இனத்து ஃப்ளொரிபெர்தோ தியாஸும் சப்போட்டெக் இனத்து ஹைமே லூனாவும் ‘கொமுனலிதாத்’ என்று பெயர் வைத்தார்கள். ஊரோடு ஒன்றிய தன்மை என்று கொள்ளலாம். ஓஹாகாவின் ஆசிரியர்கள் அதைப் பள்ளிப் பாடத்துக்குள் கொண்டுவர முயன்றுவருகிறார்கள்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. பொதுநிலப் பங்காளிகளின் பட்டியலில் ஆண்களே மிகுதி. பெண்கள் பல ஊர்களில் கணவன் இறந்த பிறகுதான் கூட்டத்தில் குரல் பெறுகிறார்கள். இளைஞர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போய்விடுகிறார்கள். போனவன் தன் முறை வரும்போது திரும்பிவர வேண்டும், இல்லையென்றால் தனக்குப் பதிலாக ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். காசு கொடுத்து முடிக்கும் பணியில் அந்தப் பையன் காட்டைக் கற்பதில்லை.

மிச்சோவாகான் மாநிலத்தின் செரானில் கல்வி நெருப்பைச் சுற்றி நடந்தது. ஏறத்தாழ 20,000 பேர் வாழும், புரேபெச்சா பழங்குடியினரின் ஊர் அது. 2008 முதல் ஆயுதம் தாங்கிய கும்பல்கள் பட்டப்பகலில் லாரி லாரியாகப் பைன் மரங்களை வெட்டிக் கடத்தின. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மொட்டையானது. எதிர்த்தவர்கள் காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். காவல்துறையும் நகராட்சியும் பார்த்துக்கொண்டிருந்தன. வெட்டு லா கோஃப்ராதியா ஊற்றை நெருங்கியபோது பெண்கள் பொறுத்தது போதும் என்று முடிவுசெய்தார்கள். 2011 ஏப்ரல் 15 விடியற்காலையில் எல் கல்வாரியோ தேவாலயத்தின் அருகே கல்லும் வாணவெடியுமாக லாரிகளை மறித்தார்கள். மணி அடித்தது, ஊர் கூடியது. காவல்துறையும் கட்சிகளும் ஊரைவிட்டுப் போயின.

கும்பல் திரும்பிவரும் என்ற பயத்தில் ஏறக்குறைய 200 தெருமுனைகளில் இரவு முழுக்க நெருப்பு எரிந்தது. ஸ்பானிய மொழியில் அது ஃபொகாத்தா. புரேபெச்சா மொழியில் அதற்கு அவர்கள் சொன்ன சொல் பரங்குவா, அதாவது சமையலறை அடுப்பு. அடுப்பு வீதிக்கு வந்துவிட்டது. பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பிள்ளைகள் அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டிகளிடம் மலைகளின் பெயரையும் ஊற்றுகளின் பெயரையும், மறந்துகொண்டிருந்த மொழியையும் கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் தீர்ப்பாயம் கட்சியில்லாமல் சொந்த வழக்கப்படி ஊர்த் தலைமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஏற்றது. நான்கு பேட்டைகள், பேட்டைக்கு மூவர் என 12 பேர் கொண்ட பெருமன்றம் இன்றுவரை ஆள்கிறது. மன்றத்துக்கு ஆளைப் பரிந்துரைக்கும் அடிப்படை அலகு இன்னமும் அந்தத் தெருமுனை நெருப்புதான். ஊர்க் காவற்படை காட்டைச் சுற்றிவருகிறது, ஊர் நாற்றங்காலில் பைன் கன்றுகள் வளர்கின்றன, 2016இல் பழைய எரிமலையின் வாயில் சுமார் 2 கோடி லிட்டர் மழைநீர் பிடிக்கும் தொட்டியும் கட்டினார்கள்.

கடற்கரைக்கும் இதே கணக்கு பொருந்துகிறது. கோஸ்தா ரிக்காவின் ஒஸ்தியோனால் கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டங்கூட்டமாக வந்து முட்டையிடும். முதல் நாள் இட்ட முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டிச் சிதைத்துவிடும். அதனால் தொடக்க மணிநேரங்களில் ஊர்மக்கள் முட்டை எடுத்து விற்கலாம் என்று 1987 முதல் சட்டம் அனுமதிக்கிறது. பதிலுக்குக் கரையைத் துப்புரவாக வைப்பதும், திருடர்களைத் தடுப்பதும், குஞ்சுகளை நாயும் கழுகும் கொத்தாமல் கடலில் சேர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. உயிரியலாளர்களில் சிலருக்கு இது இன்றும் உறுத்தல்தான். முட்டையைத் தின்றுகொண்டே ஆமையைக் காப்பதா என்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளிக்கூடம் எங்கே? கொலம்பியா 1994இலேயே 1743ஆம் எண் ஆணை மூலம் எல்லாப் பள்ளிகளும் தத்தம் வட்டாரத்துச் சிக்கலை எடுத்துச் சுற்றுச்சூழல் திட்டம் வகுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்ல ஆணை. ‘தத்தம் வட்டாரத்துச் சிக்கல்’ என்பதுதான் அதன் உயிர். ஆனால் வட்டாரத்துச் சிக்கல் ஒரு சுரங்கமாகவோ அணையாகவோ இருந்தால் எந்தத் தலைமையாசிரியர் அதைப் பாடமாக்குவார்? குப்பைத் தொட்டிக்கு மூன்று வண்ணம் அடிப்பது பத்திரமானது. மாணவர்களைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. ஆற்றின் மீது ஊருக்கு ஒரு சொல்லும் இல்லாத இடத்தில், ஆற்றைப் பற்றிய பாடம் தேர்வோடு முடிந்துபோகிறது.

பத்திரம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. குளோபல் விட்னஸ் அமைப்பின் கணக்குப்படி 2023இல் உலகெங்கும் கொல்லப்பட்ட நில, சுற்றுச்சூழல் காப்பாளர்கள் 196 பேர். அவர்களில் 79 பேர் கொலம்பியாவில். ஹோண்டுராஸில் குவால்கார்க்கே ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதை எதிர்த்த லென்கா இனத் தலைவர் பெர்த்தா காசெரெஸ், கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்ற மறுவருடம், 2016 மார்ச்சில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்டவர்களின் பாதுகாப்பைத் தனி விதியாகவே எழுதிய எஸ்கசு ஒப்பந்தம் 2018இல் கோஸ்தா ரிக்காவில் உருவாகி, 2021 ஏப்ரல் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. தகவல் பெறும் உரிமை, முடிவில் பங்குகொள்ளும் உரிமை, நீதி கேட்கும் உரிமை ஆகியவை அதன் மற்றத் தூண்கள். ஒப்பந்தத்துக்குத் தன் ஊர்ப் பெயரையே கொடுத்த கோஸ்தா ரிக்காவின் நாடாளுமன்றம் அதை உறுதிசெய்யாமல் 2023இல் கிடப்பில் போட்டுவிட்டது.

பெட்டேனுக்குத் திரும்பினால், கார்மெலிட்டாவின் குத்தகை 1997இல் தொடங்கியது. முடியும் முன்பே, 2019இல், இன்னொரு 25 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். மற்ற ஊர்களும் அடுத்தடுத்துப் புதுப்பித்துக்கொண்டன. ஓஹாகாவில் நிலம் ஊருடையது, யாரிடமும் நீட்டிப்புக் கேட்க வேண்டியதில்லை. கார்மெலிட்டாவில் ஒவ்வொரு முறையும் தலைநகருக்குப் போய்க் கேட்க வேண்டும். அங்கே இவ்வாண்டு வெட்டிய பாத்தியில் இளைஞர்கள் எண் போட்டு விட்டுவைக்கும் சின்ன மகோகனிகள் வெட்டும் பருவத்துக்கு வர 40 ஆண்டுகள் வரை ஆகலாம். குத்தகையில் அவ்வளவு ஆண்டுகள் இல்லை.